அக்காவுக்கு நான் எழுதிய பிறந்த தேதி

1

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்கள் மேல் கோபப்பட வசதியாக இருக்கும்.

மனிதனுக்கு எப்படி வயதாகிறது என்பதுதான் இருபது வருடமாக எனக்குச் சோறு போடுகிற விஷயம். கனடாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அதை ஆராய்கிறேன். டாக்டராகப் போகிற பிள்ளைகளுக்கு அதையே பாடமாகவும் நடத்துகிறேன். என் அறைக் கதவில் பெயருக்குப் பின்னால் தொங்கும் பட்டங்கள் பெயரைவிட நீளம். இப்பேர்ப்பட்ட நான், என் சொந்த அக்காவின் வயதை ஒரு பாரத்தில் தப்பாக எழுதினேன். ஒன்றிரண்டு மாதம் அல்ல, நான்கு வருடம்.

நடந்து வெகுகாலம் ஆகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் போட்டிருந்தார்கள். மறுநாள் எனக்கு விமானம். அதற்குள் ஊத்துக்கோட்டைக்குப் போய்ப் புளியும் மிளகாயும் வாங்கி மூட்டை கட்ட வேண்டும். அக்கா கன்னியம்மா பாரத்தை என் கையில் திணித்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் எழுதி முடித்தேன். பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருந்தது.

"உனக்கு இன்னா வயசுக்கா?"

"எனுக்கு இன்னாத்த தெரியும்? நீ சின்னப் புள்ளயா இருந்தப்போ உன்ன இடுப்புல வெச்சிகினு திரிஞ்சேன், அதான் தெரியும். படிச்சவன் நீ கீறே, நீயே போடு நைனா."

போட்டேன். என் பள்ளிச் சான்றிதழில் ஜூன் ஒன்று. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பிறந்த தேதி அது ஒன்றுதான் என்பதால் அவளுக்கும் அதையே எழுதினேன். என் வருடத்திலிருந்து ஐந்தைக் கழித்தேன். ஏன் ஐந்து என்று கேட்காதீர்கள். கழிப்பதற்குச் சுலபமாக இருந்தது. அக்கா என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நினைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். எனக்குப் புளி வாங்கப் போகிற அவசரம்.

2

இந்த வருடம் ஜூன் ஒன்றாம் தேதி காலை எங்கள் துறையில் எனக்குக் கேக் வெட்டினார்கள். ஐம்பத்து மூன்று. "பார்த்தால் நாற்பத்தைந்துதான் சொல்லலாம்" என்றார் அலுவலகத்துப் பெண்மணி ஒருவர். முதுமை ஆராய்கிறவர்கள் நடுவில் இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. மீசையில் கிரீமோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. ஊரில் அப்போது சாயங்காலம்.

"என்ன கேட்லயே நிறுத்திட்டான்டா."

அக்கா தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். அச்சிலிருந்து வரும் வாஷரின் ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்து வெட்டி எடுக்க வேண்டும். கேமரா வைத்த மெஷின் ஒன்று வாங்கிப் பார்த்தார்களாம். அது விட்டுவிட்ட பிசிறை அக்காவின் விரல் பிடித்ததாம். அன்று காலை அந்த விரலோடு வேனிலிருந்து இறங்கிக் கார்டைத் தேய்த்திருக்கிறாள். சிவப்பு விளக்கு. மறுபடி தேய்த்தாள். மறுபடி சிவப்பு. ஐம்பத்தெட்டு முடிந்தவர்களின் கார்டு அன்றே தானாகச் செத்துவிடுமாம்.

"செக்யூரிட்டி சிரிக்கிறான்டா. 'ஹேப்பி பர்த்டே ஆயா, ஊட்டுக்குப் போ'ன்றான். நேத்துவரிக்கும் அக்கா அக்கான்னுகினு இருந்தவன். ஒரு ராத்திரில நான் அவனுக்கு ஆயாவா?"

"சரி வுடுக்கா. போதும் உழைச்சது. நான் மாசா மாசம் அனுப்பறேன், நீ ஊட்ல நிம்மதியா இரு."

"உன் துட்ட நீயே வெச்சிக்க. மருமவ டீ போட்டுக் குடுப்பா, நான் குந்திகினு குடிக்கணுமா? எனுக்கு இன்னா சீக்கா? எங்கூட லைன்ல நிக்கற குப்பம்மாவும் நானும் ஒரே மாசத்துல பொறந்தவங்க. அவ கார்டு இன்னும் நாலு வருசத்துக்குப் பச்சையாம். என் நாலு வருசத்த எவன்டா தின்னான்?"

என் வாயில் கேக் இருந்தது.

"அந்தப் பாரம் எழுதுனவன் கை வெளங்காம பூட! அவன் பேனா பாக்கெட்லயே ஒழுவ!"

"ஆமாக்கா" என்றேன். சத்தியமாக, ஆமா என்றேன். முகாமில் பேனா பிடித்தவன் யார் என்பதை அவள் மறந்துவிட்டாள் என்று எனக்கு நிம்மதி. அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டியவனைத் திட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

3

மூன்றுக்குப் பதில் ஐந்தைக் கழித்தால் தப்பு இரண்டு வருடம்தானே, அது எப்படி நான்கு ஆனது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் ஜூன் ஒன்றே பொய்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்று கேட்கமாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருடம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நடவுக்குப் போய்விடுவார்கள். என்னைத் தூக்கிச் சுமந்த அக்காவுக்கு ஆறு வயது. எனக்கு மூன்று. என்னை எங்காவது இறக்கி வைத்தால்தான் அவள் இடுப்புக்கு ஓய்வு. ஆகவே அவளே என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனாள். தலைமையாசிரியர் கையை வளைக்கச் சொன்னார். என் விரல் உச்சந்தலையைத் தாண்டவில்லை. அவர் குனிந்து மைக்கூட்டைத் தேடிய நேரத்தில், அக்கா பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்து ஒரே அமுக்கு. விரல் காதைத் தொட்டது, எனக்கு அழுகை வந்தது. "தொட்டான் சார்!" என்று கத்தினாள். அவர் பேனாவை உதறி, ஜூன் ஒன்று என்று எழுதி, என்னை இரண்டு வருடம் பெரியவனாக்கினார்.

அக்காவின் கையை வளைத்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு எட்டியிருக்கும், ஆறு வயதுக்காரி. என்னை உள்ளே விட்டுவிட்டு அவள் களை பறிக்கப் போனாள்.

ஆக, என் பொய் இரண்டு வருடம், என் சோம்பேறித்தனம் இரண்டு வருடம். இன்று எனக்கு உண்மையில் ஐம்பத்தொன்று. அவளுக்கு ஐம்பத்து நான்கு. காகிதத்தில் அவள் ஐம்பத்தெட்டு முடிந்த ஆயா.

4

குற்ற உணர்ச்சி படித்தவனுக்கு வந்தால் அவன் கடிதம் எழுதுவான். நானும் எழுதினேன், கல்லூரியின் முத்திரைத் தாளில், நான்கு பக்கம்.

அதற்கு முன் வீடியோவில் அக்காவுக்குப் பரிசோதனை நடத்தினேன். எங்கள் தொழிலில் வயதை ஆண்டுக்கணக்கில் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். பத்து முறை செய்துவிட்டு, "இன்னும் வோணுமா, சோறு வடிக்கணும்" என்றாள். மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூன்றையும் திருப்பிச் சொன்னதோடு, போன பொங்கலுக்கு வருவதாக நான் சொன்ன வார்த்தையையும் சேர்த்துச் சொன்னாள்.

"இன்னிக்கு என்ன தேதிக்கா?"

"என்ன கேட்ல நிறுத்துன பதினேழாம் நாளு."

அடுத்த கேள்விக்குக் கடிகாரம் வரைந்து முள்ளைக் குறிக்க வேண்டும். பேனா பிடித்ததே இல்லாத பெண் எண்களை எப்படி எழுதுவாள்? அந்தத் தாளின்படி அவளுக்கு அறிவு மங்குகிறது என்று அர்த்தம். இந்தத் தாளைத்தான் நான் வருடா வருடம் வகுப்பில் விநியோகிக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் நிறுத்தியவளை, அறுபதை நெருங்கும்போது கூப்பிட்டு, உனக்கு எழுத வரவில்லை, அதனால் மூளை சரியில்லை என்று மதிப்பெண் போடுகிற தாள். அதைக் கிழித்துப் போட்டேன். கணினியில் இன்னொரு பிரதி இருக்கிறது என்பது வேறு விஷயம். என் வீரம் அவ்வளவுதான்.

கடிதத்தில் கால் பலம், கை நிதானம், கண் கூர்மை எல்லாம் எழுதி, இந்தப் பெண்மணியின் உடல் நாற்பத்தைந்து வயதுக்காரரின் உடல் என்று முடித்தேன். கம்பெனியின் மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் மரியாதையாகப் போன் செய்தார்.

"சார், ரிப்போர்ட் சூப்பர் சார். எங்க மேனேஜர்கூடப் படிச்சிட்டு, அவருக்கும் இந்த மாதிரி டெஸ்ட் எடுப்பீங்களான்னு கேட்டார்."

"அப்ப அக்காவை உள்ள விடுவீங்களா?"

"இல்ல சார். சிஸ்டம்ல பிறந்த தேதி மாறணும். மாறினா கார்டு தானாவே பச்சை ஆயிடும். நாங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல."

ஒண்ணும் பண்ண வேண்டியதில்லையாம்! பதினோரு வருடம் அந்தக் கட்டைவிரலை வைத்து வியாபாரம் செய்தவர்களுக்கு, அந்த விரல் இன்னும் வேலை செய்கிறதா என்று திரும்பிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. மனிதனைப் பார்க்காதே, கட்டத்தைப் பார். கட்டத்தில் எழுதியவன் ஒரு மடையன் என்பதை மட்டும் எந்த சிஸ்டமும் கேட்காது.

5

அதே வாரம் எனக்கு இன்னொரு கூத்து இருந்தது. எங்கள் கல்லூரியில் முதுமை உடுப்பு என்று ஒன்று உண்டு. இடுப்பிலும் கணுக்காலிலும் எடை, முட்டி மடங்காமல் கட்டு, விரல் மரத்துப்போகிற கையுறை, மஞ்சள் மங்கலாகக் காட்டும் கண்ணாடி, காதில் அடைப்பு. இருபது வயது மாணவர்கள் அதைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் மாடிப்படி ஏறுவார்கள், மாத்திரை டப்பாவைத் திறக்க முயல்வார்கள். பிறகு முதியவர்களின் துயரம் புரிந்தது என்று கட்டுரை எழுதுவார்கள். நான் அதற்கு மதிப்பெண் போடுவேன்.

அன்று ஒரு மாணவன் பத்தாவது நிமிடமே முதுகு வலிக்கிறது, கழற்றட்டுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்டான். என் வாயிலிருந்து வந்தது: "அய்ய, இன்னாபா சும்மா பேஜாரு பண்ணினுகீறே!" இருபது வருட ஆங்கிலம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது ஏதோ மருத்துவச் சொல் என்று நினைத்து ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

அந்த உடுப்பின் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவளுக்கு.

"இத்த மாட்டிக்கத்தான் காலேஜா? எங்க லைனுக்கு அனுப்புடா அந்தப் புள்ளைங்கள. எட்டு மணி நேரம் நின்னா முட்டி தானா புடிச்சிக்கும். உடுப்பெல்லாம் தேவயே இல்ல."

சிரித்து முடித்ததும் வழக்கம்போல ஆரம்பித்தாள். "அந்தப் பாரம் எழுதுனவன் மட்டும் என் கண்ணுல மாட்டட்டும். அவன் ஏறப் போற பஸ்ஸெல்லாம் அவன வுட்டுட்டுப் பூடணும். குளுர்ல வெறச்சிப் போயி, வழுக்கி வுழுந்து, தூக்கிவுட ஆளில்லாம கெடக்கணும்!"

"ஆமாக்கா" என்றேன். எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் எவன் குளிரில் விறைத்து வழுக்கி விழுவான் என்று எனக்கு உறைக்கவில்லை. இதற்குள் அவள் சாபங்கள் ஒவ்வொன்றாகப் பலித்துக்கொண்டிருந்தன. சட்டைப் பையில் பேனா ஒழுகியது. வலது தோள்பட்டை இறுகிக்கொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. இப்போது என்னைக் காதைத் தொடச் சொன்னால் ஒன்றாம் வகுப்பில்கூடச் சேர்க்கமாட்டார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் எங்கே வருகிறது தெரியுமா? எங்கள் கல்லூரியில் எண்பதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் வேலை பார்க்கிறார். மாணவர்கள் கேள்வி கேட்டுப் பழக வேண்டும் என்பதற்காக நோயாளிபோல நடிப்பது அவர் வேலை. தானே காரோட்டிக்கொண்டு வருவார். எப்போது நிறுத்தப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் இங்கே வழக்குப் போடுவார்கள். இந்த ஊரில் கிழவி, கிழவியாக நடித்துச் சம்பளம் வாங்கலாம். எங்கள் ஊரில் கிழவியாகாதவளைக் கிழவி என்று எழுதி வெளியே தள்ளலாம். நடுவில் நான், மேடைக்கு மேடை ஏறி "வயது வெறும் எண்தான்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவன். வெறும் எண்ணாம்! அந்த எண்ணை எழுதியதே நான்தான், அதை அசைக்க என்னால் முடியவில்லை.

6

பிறந்த தேதியை மாற்ற அக்கா அரசு அலுவலகத்துக்குப் போனாள். மூடுகிற நேரம். எனக்கு இங்கே காலை நாஷ்டா. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"பொறந்த தேதிக்கு என்னம்மா ஆதாரம் வெச்சிருக்கீங்க?" என்றது ஒரு பெண் குரல், அந்தப் பிரிவின் எழுத்தர்.

"நான்தான் கீறேனே மேடம்."

"நீங்க இருக்கறது ஆதாரம் ஆகாதும்மா. பேப்பர் வேணும். பிறப்பு பதிவாகலைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க."

"அது எங்க குடுப்பாங்க?"

"இங்கதான். மனுவுல சரியான பிறந்த தேதி எழுதிக் குடுக்கணும்."

"அது தெரிஞ்சா நான் ஏன் மேடம் உங்களாண்ட வந்து நிக்கறேன்?"

நான் குறுக்கே புகுந்தேன். நான் யார், என்ன பட்டம், எந்தப் பல்கலைக்கழகம் என்று எல்லாவற்றையும் சொல்லி, அக்காவின் வயதுக்கு நானே உறுதிமொழி தருகிறேன் என்றேன்.

"நீங்க அவங்களுக்கு அண்ணனா சார்?"

"தம்பி."

"அப்ப அவங்க பொறந்தப்போ நீங்க இல்லையே சார். நீங்க எப்படி சாட்சி சொல்வீங்க?"

எத்தனையோ தேர்வுக் குழுக்களுக்கு முன் நின்றிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்த எழுத்தர் கெட்டவர் அல்ல. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே வழி சொன்னார்.

"முகாம்ல இந்த பாரத்தை எழுதினது யாரும்மா? அவர் நேர்ல வந்து, உத்தேசமா எழுதிட்டேன், இன்ன கணக்குல எழுதினேன்னு உறுதிமொழி குடுத்தா, மேல அனுப்பிப் பார்க்கலாம்."

அக்காவின் குரல் நிதானமாக வந்தது. "எவனோ ஒரு பொறம்போக்கு மேடம். கண்டுபுடிச்சி இஸ்துகினு வரேன்."

"அக்கா, லைன் சரியில்ல" என்று சொல்லிக் கட் செய்தேன். லைன் கண்ணாடிபோல இருந்தது.

ஏன் பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கணக்கில் எழுதினேன் என்று நான் உறுதிமொழி கொடுத்தால், என் தேதியிலிருந்து கழித்தேன் என்று சொல்ல வேண்டும். அந்தத் தேதியும் பொய் என்று சொன்னால்தான் அவளுக்கு நான்கு வருடமும் திரும்பக் கிடைக்கும். என் மருத்துவப் பட்டம், பாஸ்போர்ட், இந்த நாட்டுக் குடியுரிமை, பேராசிரியர் பதவி எல்லாம், அக்கா அமுக்கிய ஒரு முழங்கைமேல்தான் நிற்கின்றன. அரசாங்கத் தாளில் அதைப் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். அதைக்கூட வக்கீலிடம் கேட்கத் துணியாமல் இரண்டு வாரம் தோள்பட்டைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

7

மகள் மதுவுக்குப் பத்தொன்பது வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் காதில் பாட்டை மாட்டிக்கொள்வாள். ஆனால் அத்தையின் குரல் எந்தப் பாட்டையும் தாண்டி வீடு முழுக்கக் கேட்கும். ஒரு நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பேச்சு தமிழில் வந்தது, கோணல் தமிழ்தான்.

"அப்பா, அந்த பாரம்காரன் நீங்கதானே?"

"யார் சொன்னது?"

"அத்தை திட்டும்போதெல்லாம் நீங்க கையைப் பாக்கெட்ல ஒளிச்சிக்கிறீங்க."

சொன்னேன், எல்லாவற்றையும்: புளி, ஐந்து, முழங்கை. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப உங்க நிஜ பர்த்டே எப்போ?"

"தெரியாது."

"இவ்ளோ வருஷமா நாங்க யாருக்குக் கேக் வெட்டினோம்?"

"என் தலைமையாசிரியருக்கு."

"ஜோக் பண்ணாதீங்கப்பா. நீங்க அத்தையோட நாலு வருஷத்தை எடுத்துட்டீங்க. போய்த் திருப்பிக் குடுங்க."

விலகிப் போகிற பிள்ளைகள் என்று ஊர்க்காரர்களிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். விலகிப் போனது யார் என்று அன்று எனக்குச் சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவைக் கூப்பிட்டேன். கேட்டில் நிறுத்திய ஐம்பத்தெட்டாம் நாள் என்றாள். வேன் அவள் வாசலைத் தாண்டிப் போகும்போது குப்பம்மா ஜன்னலில் கை காட்டுகிறாளாம். அந்த நேரத்தில் இவள் வீட்டுக்குள் போய் நின்றுகொள்கிறாளாம்.

"எல்லாம் அந்தப் பாரம் எழுதுன..."

"அக்கா, இரு. அது நான்தான். நான்தான்க்கா எழுதினேன்."

குக்கர் ஒரு விசில் விட்டது. பயத்தில் நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். விமானத்தின் அவசரம், ஐந்து கழிக்கச் சுலபம், என் தேதியே தப்பு, அதைச் சொன்னால் என் பாஸ்போர்ட் என்ன ஆகுமோ, வக்கீலைப் பார்க்க வேண்டும், செமஸ்டர் நடுவில் விடுப்புக் கேட்க வேண்டும், இந்தத் தோள்பட்டை வேறு. குக்கர் இரண்டாவது விசிலும் விட்டது. எனக்கு மூச்சு வாங்கியது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னாள்:

"தெரிஞ்சிதான்டா திட்னேன், எப்ப வர்ற?"